ஹலோ போனது, பட்டியல் போகவில்லை

எங்கள் பழைய ஆபீஸில் இப்போது வேலை பார்க்கும் கஸ்தூரி என்ற பெண் போன மாதம் அம்பாங்கானில் என் வீட்டுக்கு வந்தாள். மலர் ஒன்று போடுகிறார்களாம், ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு கட்டுரை தர வேண்டுமாம். கோப்பியைக் குடித்துக்கொண்டே, "ஆண்ட்டி, நெட்வொர்க்ல எவ்ளோ பெரிய பொட்டலம் போகும்னு நீங்க கையாலயே அளந்தீங்களாமே, நெசமா?" என்று கேட்டாள். நெசம்தான் என்றேன். இப்போது மிஷினே அதைக் கண்டுபிடித்துக்கொள்கிறது, யாரும் அதை நினைப்பதுகூட இல்லை என்றாள். அப்போதும் மிஷின்தான் கண்டுபிடித்தது. மிஷினால் கண்டுபிடிக்க முடியாமல் போன ஒரு தரம் நாங்கள் கை வைக்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு தரத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவள் நான். தமிழ் எழுத்துக் கூட்டி எழுதுவேன். ஆங்கில எழுத்துகளை முகம் பார்த்து அடையாளம் சொல்வேன், அவை சேர்ந்து என்ன சொல்கின்றன என்று சொல்லத் தெரியாது. எண்கள் மட்டும் எனக்கு நன்றாக வரும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இந்தப் படிப்போடு பதினேழு வருஷம் சிரம்பானில் ஏசி அறைக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்தவள் நான். இதை எழுதப் பத்து நாள் ஆகிறது. எழுத்தில் பிழை இருந்தால் கஸ்தூரி திருத்தட்டும், நடந்ததைத் திருத்த வேண்டாம்.

நான் பிறந்தது ஆத்தடித் தோட்டத்தில். செண்டாயானுக்கு அந்தப் பக்கம், ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் இருந்தது. பதினைந்து வயதில் புல் வெட்டப் போனேன், பிறகு ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். கல்யாணமான நாலாம் வருஷம் வீட்டுக்காரர் லாரி விபத்தில் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் காலையில் பெரட்டுக் களத்தில் கிராணி பேர் கூப்பிட, நான் எப்போதும்போல "இருக்கேன்" என்று குரல் கொடுத்தேன். பெரட்டு என்றால் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வேலைக்குப் போகுமுன் எல்லாரும் களத்தில் நிற்க, ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார்கள், பதில் சொல்ல வேண்டும். ரத்தினம் கிராணி அப்போது இளவயசுக்காரர், ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"அஞ்சலை, ஒன் குரலு கம்பியில்லாமலே சிரம்பானுக்குக் கேக்கும்லா. சும்மா மரத்துக்கிட்டப் போயி கத்துறதுக்கு, இங்க வந்து கம்பிக்கிட்டக் கத்து" என்றார்.

களமே சிரித்தது. கிண்டல் என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை ஆபீஸில் டெலிபோன் பலகைக்கு முன்னால் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தது. என் வாழ்க்கையில் நான் உட்கார்ந்த முதல் நாற்காலி அது. தினமும் காலையில் டிவிஷன் டிவிஷனாகச் சுற்றி "ஹலோ" சொல்ல வேண்டும். பதில் ஹலோ வந்தால் கம்பி நல்லாயிருக்கிறது, நோட்டில் சரி போட வேண்டும். வராவிட்டால் கம்பிக்காரனைக் கூப்பிட வேண்டும். நான் கற்றுக்கொண்ட தொழில் இவ்வளவுதான்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் சிரம்பான் வட்டார ஆபீஸுக்கு மாற்றினார்கள். அங்கே பெரிய பலகை. பத்து வருஷம் கழித்து அந்தப் பலகையைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். டெலிபோன் தானாகவே வேலை செய்யும்போது நான் எதற்கு? கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போகச் சொன்னார்கள். அப்போதுதான் சாகுல் சார் என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாகுல் சார் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பெரியவர். லோபாக்கில் அவருடைய அத்தா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். சின்ன வயசில் சோறு பொட்டலம் கட்டிய கை அது, மேசை மேல் எதை வைத்தாலும் ஓரம் பார்த்து வைக்கும். என்னை விட எட்டு வயசு சின்னவர். நான் சார் என்பேன், அவர் அக்கா என்பார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு கேள்வி வைத்திருந்தார். யார் எதைச் சொன்னாலும், மேனேஜர் வந்து சொன்னாலும், மெதுவாகக் கேட்பார்: "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" அந்த மோடம் கெட்டுப்போச்சு சார் என்று ஒருவன் சொல்வான். பாத்தியா, நெனச்சியா? வெளக்கு எரியல சார். அப்ப வெளக்கு எரியலன்னு சொல்லு, கெட்டுப்போச்சுன்னு சொல்லாத. அவர் நோட்டில் நடுவில் ஒரு கோடு இருக்கும். இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் நினைத்தது. வலது பக்கம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும்.

என்னைக் கூப்பிட்டு, "அக்கா, நீங்க பதினஞ்சு வருஷமா செஞ்ச அதே வேலைதான். கம்பிக்கு ஹலோ சொல்லணும். வாயால சொல்லாம வெரலால சொல்லணும், அவ்வளவுதான்" என்றார்.

பதினோரு தோட்டங்களுக்குச் சிரம்பானிலிருந்து லைன் போனது. பத்துக்குத் தரைக்கம்பி. ஆத்தடி மட்டும் பள்ளத்தில் இருந்ததால் குன்றின் மேல் கம்பம் நட்டு ரேடியோவில் போனது. தினமும் காலை ஏழரைக்கு நான் ஒவ்வொரு தோட்டத்து எண்ணையும் அடித்து, பிங் என்ற ஒன்றை அனுப்ப வேண்டும். அதுதான் ஹலோ. பதில் திரையில் ஒரு வரியாக வரும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்த வரி ஆர் எழுத்தில்தான் ஆரம்பிக்கும், இது படித்தவர்களுக்குத் தொல்லையாகத் தெரியாது. நான் வேறு வழி கண்டுபிடித்தேன். வரியில் எண் இருந்தால் பதில் வந்திருக்கிறது. எண் இல்லையென்றால் சத்தமில்லை. ஒரு நாள்கூடத் தவறியதில்லை. நோட்டில் பதினோரு சரி. அன்றன்றைக்கே அந்தப் பக்கத்தை ஃபேக்ஸில் கோலாலம்பூர் தலைமை ஆபீஸுக்கு அனுப்புவார்கள். என் கையெழுத்து கோலாலம்பூர் போகிறது என்பதில் எனக்கு இருந்த பெருமையை இப்போதும் மறைக்க மாட்டேன்.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வியாழக்கிழமை.

ஆத்தடித் தோட்டத்தை வீட்டு நிலமாக மாற்றப் போகிறார்கள் என்று முடிவாகியிருந்தது. அங்கே வேலை செய்தவர்களுக்குக் கம்பெனி வீடு கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டது. யார் யாருக்கு வீடு என்ற பட்டியல் கோலாலம்பூரில் தயாரானது. அதைத் தோட்டத்துக்கு அனுப்பி, ஆட்களுக்குப் படித்துக் காட்டி, விட்டுப்போன பேர் இருந்தால் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு பேர் சேர்க்க முடியாது. முன்பு காகிதத்தில் வந்த ஒரு பட்டியலில் யாரோ பேர் மாற்றிவிட்டார்கள் என்று சண்டை நடந்ததால், இந்தத் தரம் கம்ப்யூட்டர் வழியாக வந்தது மட்டும்தான் செல்லும் என்று உத்தரவு.

திங்கட்கிழமை பட்டியலை அனுப்பிவிட்டதாகக் கோலாலம்பூரில் சொன்னார்கள். ஆத்தடியில் ரத்தினம் கிராணி திறந்து பார்த்தால் பட்டியலின் தலைப்பு மட்டும் இருக்கிறது, உள்ளே ஒரு எழுத்து இல்லை. மறுபடி அனுப்பச் சொன்னார். மறுபடியும் தலைப்பு மட்டும். புதன்கிழமை கோலாலம்பூரிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. மற்ற தோட்டங்களுக்கு அனுப்பிய எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கிறது. ஆத்தடி லைன் ஒவ்வொரு நாளும் நன்றாக இருந்ததாகச் சிரம்பான் நோட்டு சொல்கிறது. ஆகவே வாங்கும் இடத்தில்தான் தவறு. கிராணியின் கவனக்குறைவை ஏன் விசாரிக்கக் கூடாது என்று பதில் எழுதவும். ஓய்வு பெற அவருக்கு இரண்டு வருஷம்கூட இல்லை.

வியாழன் காலை எட்டு மணிக்கு எனக்கு டெலிபோன் வந்தது.

"அஞ்சலை, ரத்தினம் பேசுறேன். ஒன் நோட்டைக் காப்பி எடுத்து எனக்கு அனுப்பிருக்காங்க. கையெழுத்து நல்லாருக்குலா."

கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். விஷயத்தைச் சொல்லி முடிக்கும்போது அந்தக் குரலில் கிண்டல் இல்லை.

"இங்க சனங்க தெனம் வந்து ஜன்னல்கிட்ட நிக்கிறாங்க. கிராணி பட்டியலை மறைச்சு வச்சிருக்காருன்னு பேச்சாயிருச்சு. ஒன்னைக் குத்தம் சொல்லல. லைன் நல்லாத்தானே இருக்கு?"

நல்லாத்தான் இருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அன்று காலையும் நான்தான் சரி போட்டிருந்தேன். ஆனாலும் பாத்து சொல்றேன் கிராணி என்று வைத்துவிட்டேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு சாகுல் சாரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். ஆத்தடி லைன் நல்லாயிருக்கு சார், ஆனா பட்டியல் போகல என்றேன்.

"லைன் நல்லாயிருக்குன்னு பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. நாலு வருஷத்தில் என் நோட்டைப் பார்த்து அந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை. "பாத்தேன் சார். ஹலோ போச்சு, பதில் வந்துச்சு" என்றேன்.

"அப்ப ஹலோ போச்சுன்னு பாத்தீங்க. லைன் நல்லாயிருக்குன்னு நெனச்சீங்க." குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு, அவரே தலையைக் குனிந்துகொண்டார். "நானும்தான் நெனச்சேன். உங்களுக்கு இப்படிச் செய்யச் சொல்லிக் குடுத்தவன் நான்."

டெலிபோன் கம்பியில் ஹலோ போனால் எல்லாப் பேச்சும் போகும். பேச்சில் சின்னது பெரியது கிடையாது. அந்தப் பழக்கத்தையே நான் இங்கேயும் கொண்டுவந்துவிட்டேன். கம்ப்யூட்டர் லைனில் எல்லாம் பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. என் ஹலோ கையளவுப் பொட்டலம். பட்டியலோ பெரிய பொட்டலங்களாக வருகிறது. சின்னது நுழையும் இடத்தில் பெரியதும் நுழையும் என்று யார் சொன்னார்கள்?

சார் என்னை மிஷினுக்கு முன்னால் உட்கார வைத்தார். ஹலோவையே பெரிதாக்கி அனுப்பலாம், எண்ணை மாற்றினால் போதும் என்றார். ஆயிரம் என்று போட்டேன். போனது, எண்ணோடு பதில் வந்தது. எனக்கு உயிர் வந்தது. அவர் என் பக்கத்தில் குனிந்து, கட்டளையில் ஒரு குறியைச் சேர்த்தார். அந்தக் குறிக்கு அர்த்தம், வழியில் யாரும் இந்தப் பொட்டலத்தை வெட்டக் கூடாது. மறுபடி ஆயிரம் போட்டேன். இந்தத் தரம் வந்த வரி ஆரில் ஆரம்பிக்கவில்லை. பி எழுத்தில் ஆரம்பித்தது. அப்படி ஒரு வரியை நான் பார்த்ததே இல்லை.

"இது பெருசா இருக்கு, வெட்டாம அனுப்ப முடியாதுன்னு நம்ம ரூட்டர் சொல்லுது" என்றார் சார். ரூட்டர் என்பது லைன்கள் கூடும் இடத்தில் இருந்து வழி பார்த்து அனுப்பும் பெட்டி. எங்கள் அறையிலேயே மூலையில் இருந்தது, தினமும் நான் தூசி துடைப்பது.

பிறகு அளந்தோம். எவ்வளவு பெரியது வரை ஆத்தடி ரேடியோவில் நுழையும்? ஐநூறு போட்டேன், எண் வந்தது. எழுநூறு, பி. அறுநூறு, பி. ஐந்நூற்றைம்பது, பி. ஐந்நூற்று நாற்பது, எண். சார் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்நூற்று நாற்பத்தைந்து, எண். நாற்பத்தெட்டு, எண். நாற்பத்தொன்பது, பி. ஒன்றே ஒன்று கூடினால் நுழையவில்லை. பொட்டலத்தின் தாளும் கயிறும் இருபத்தெட்டு, அதையும் சேர்த்தால் ஐந்நூற்று எழுபத்தாறு, ரேடியோவின் வாசல் அவ்வளவுதான் என்றார் சார். மற்ற பத்துத் தோட்டத்து வாசல் ஆயிரத்து ஐநூறு.

ரேடியோ நட்ட நாள் முதல் அந்த வாசல் அதே அளவுதானே சார், இத்தனை நாள் எப்படிப் போனது என்று கேட்டேன். முன்பு கோலாலம்பூரில் இருந்த பழைய மிஷின் வெட்டாதே என்ற குறியைப் போடாது. பெரிய பொட்டலம் வந்தால் நம் ரூட்டர் அதைத் துண்டு போட்டு அனுப்பும், தோட்டத்து மிஷின் ஒட்டிக்கொள்ளும். அந்த மாதம் புது மிஷின் வந்திருந்தது. அது கெட்டிக்கார மிஷின். எல்லாப் பொட்டலத்திலும் வெட்டாதே என்று போடும். பெரிதென்றால் எனக்குச் சொல், நானே சின்னதாகக் கட்டி அனுப்புகிறேன் என்பது அதன் பேச்சு. நல்ல பேச்சுதான்.

"நம்ம ரூட்டர்தான் பெருசுன்னு சொல்லுதே சார். அந்த மிஷின் ஏன் சின்னதாக் கட்டல?" என்றேன்.

சார் பேனாவைக் கீழே வைத்தார். வலது பக்கம் எழுத அவருக்கு ஆசை வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. எழுதவில்லை. "நம்ம எடத்துல இருந்து பாத்துட்டோம். அவங்க எடத்துல இருந்து பாக்கணும்" என்றார்.

கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் விமலா. என் நோட்டுப் பக்கத்தை ஃபேக்ஸில் வாங்கும் பெண், குரலில் மட்டும் பழக்கம். டெலிபோன் போட்டு, அந்தப் புது மிஷினிலிருந்து ஆத்தடிக்கு நான் சொல்கிறபடி அடித்துப் பார் என்றேன். அவள் பெரியவரைக் கேட்க வேண்டுமே என்று தயங்கினாள்.

"ஹலோ சொல்றதுக்கு யாரைம்மா கேக்கணும்?" என்றேன். சிரித்துவிட்டு அடித்தாள்.

ஐந்நூற்று நாற்பத்தெட்டு. எண் இருக்கா என்றேன், இருக்கு என்றாள். ஐந்நூற்று நாற்பத்தொன்பது.

"என்ன எழுத்துல ஆரம்பிக்குது?"

"ஆர்."

"எண்ணு இருக்கா?"

"இல்லக்கா. ஒண்ணும் வரலன்னு போட்டிருக்கு."

"பி இல்லியா? நல்லாப் பாரு கண்ணு. பி இல்லியா?"

"பியே இல்லலா. நான் படிச்சவதான், நம்புங்க."

நான் ரிசீவரைப் பிடித்தபடியே சாரைப் பார்த்தேன். இங்கே அடித்தால் மறுப்பு வருகிறது. அங்கே அடித்தால் அதே இடத்தில் அமைதி. அப்படியென்றால் நம் ரூட்டர் அனுப்பும் மறுப்பு அந்த மிஷினுக்குப் போய்ச் சேரவே இல்லை. வழியில் யாரோ அதைத் தின்றுவிடுகிறார்கள். கோலாலம்பூரில் மிஷினோடு சேர்த்து வாசலில் ஒரு காவல் பெட்டியும் வைத்திருந்தார்கள், நாங்கள் அதை ஜாகா என்போம். வெளியிலிருந்து வரும் வேண்டாத பொட்டலங்களைத் தடுப்பது அதன் வேலை. ஹலோவுக்கு வரும் பதிலை மட்டும் விடு, அந்த ஜாதி மற்றதையெல்லாம் தூக்கிப் போடு என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பெரிதாக இருக்கிறது என்ற மறுப்பும் அந்த மற்றதில் போய்விட்டது. மிஷின் பதில் வராததால் அதே பெரிய பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. ரூட்டர் திரும்பத் திரும்ப மறுத்துக்கொண்டிருந்தது. ஜாகா திரும்பத் திரும்பத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. மூன்றும் தன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தன. தலைப்பு சின்னது, அதனால் அது மட்டும் ஆத்தடிக்குப் போய் நின்றது.

சார் கோலாலம்பூர் பெரியவரிடம் பேசினார். நான் பக்கத்திலேயே நின்றேன். சார் யாரையும் குற்றம் சொல்லவில்லை, நோட்டின் இடது பக்கத்தை மட்டும் எண்ணோடு எண்ணாக வாசித்தார். அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது. ஜாகாவை மாற்ற வேண்டுமென்றால் கூட்டம் கூட்டி ஒப்புதல் வாங்க வேண்டும், அடுத்த வாரம் பார்க்கலாம். பட்டியலை டிஸ்கட்டில் போட்டு ஆள் கையில் கொடுத்துவிடலாமே என்றார் சார். உத்தரவில் இடமில்லை. அதுவும் போக, உங்கள் நோட்டே லைன் நன்றாக இருந்தது என்கிறதே, இப்போது மாற்றிச் சொல்கிறீர்களா?

சார் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். அது என் நோட்டு. நான் இல்லையென்றால் இல்லை, ஆமென்றால் ஆம்.

"தப்பு என் நோட்டுன்னு சொல்லுங்க சார்" என்றேன். "கிராணி மேல தப்பில்ல. நான் சின்னதை அனுப்பிட்டு எல்லாம் போகும்னு எழுதிட்டேன்னு சொல்லுங்க."

சொன்னார். ஆனால் நான் சொன்னபடி சொல்லவில்லை. எங்கள் சோதனை முறை போதாது, முறை என்னுடையது, அந்த அம்மாள் நான் சொன்னதைத்தான் செய்தார் என்று சொன்னார். அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெரியவர் கொஞ்சம் தணிந்தார். ஜாகாவை அடுத்த வாரம் மாற்றச் சம்மதித்தார். ஆனால் வெள்ளிக்கிழமை ஐந்து மணி, வெள்ளிக்கிழமை ஐந்து மணிதான்.

பஸ்ஸில் அம்பாங்கான் வரும்போது எனக்கு அந்த ஐந்நூற்று நாற்பத்தெட்டு மண்டைக்குள்ளேயே இருந்தது. சின்னது போகிறது. தலைப்பு போகிறது. அப்படியென்றால் பட்டியலையே தலைப்பு அளவுக்குச் சின்னதாக ஆக்கினால்? ரூட்டர் வெட்டக் கூடாது, மிஷினுக்கு வெட்டத் தெரியவில்லை. மனுஷர் வெட்டலாமே. நூறு பேர் பால் வாளியோடு வந்தாலும் தராசுக்கு ஒவ்வொருவராகத்தானே போவோம்?

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் சாருக்காக வாசலில் நின்றேன். பட்டியலைச் சின்னச் சின்னதாக வெட்டி அனுப்பலாமா சார் என்று கேட்டேன். அவர் காகிதத்தில் கணக்குப் போட்டு, பட்டியல் பொட்டலத்துக்குத் தாளும் கயிறும் நாற்பது, அதனால் ஒரு துண்டுக்கு ஐந்நூற்று முப்பத்தாறு எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்றார். ஒரு ஆளுக்குப் பேர், அடையாளக் கார்டு எண், வீட்டு எண் எல்லாம் சேர்த்து ஐம்பது எழுத்து. பத்துப் பேர் பத்துப் பேராக வெட்டினால் நுழையும். பட்டியலை வெட்டி அனுப்பக் கூடாது என்று உத்தரவில் எங்கும் இல்லை, கம்ப்யூட்டர் வழியாக வர வேண்டும் என்றுதான் இருந்தது.

விமலா யாரையும் கேட்கவில்லை. எட்டு மணிக்கு முதல் பத்துப் பேரை அனுப்பினாள். நான் ஒரு காதில் விமலாவையும் இன்னொரு காதில் கிராணியையும் வைத்துக்கொண்டு, பழைய பலகைக்காரியாக நடுவில் இருந்தேன்.

"வந்துருச்சு" என்றார் கிராணி. "பேரு இருக்கு அஞ்சலை. உள்ள பேரு இருக்கு."

இரண்டாவது பத்து, மூன்றாவது பத்து, வரிசையாகப் போனது. ஏழாவது பத்து நின்றுவிட்டது. தலைப்பு மட்டும். விமலாவைப் பேர்களைப் படிக்கச் சொன்னேன். நாச்சியப்பன் மகள் தனபாக்கியலெட்சுமி, வைத்தியநாதன் மகன் பாலசுப்பிரமணியம், இப்படியே ஒருவரை விட ஒருவர் நீளம். அடையாளக் கார்டில் அப்பா பேரும் முழுசாகச் சேர்ந்து வரும் அல்லவா?

"அக்கா, இவங்க அப்பா அம்மாவுக்கு வேற வேலையே இல்லியா?" என்றாள் விமலா.

ஒருவரை எடுத்து எட்டாவதில் போடு என்றேன். ஒன்பது பேரோடு அனுப்பினாள். போனது. அதற்குப் பிறகும் நீளப் பேர் சேர்ந்த இடமெல்லாம் ஒன்பதாகவே வெட்டினாள். பத்தே முக்காலுக்குக் கடைசித் துண்டும் போய்ச் சேர்ந்தது. நூற்று எண்பத்தேழு பேர், இருபது துண்டு. கிராணி துண்டுகளை ஒட்டி அச்சடித்தார்.

மத்தியானம் ஒரு மணிக்கு மறுபடி டெலிபோன். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுச் சனங்கள் களத்தில் கூடியிருக்கிறார்கள், பட்டியல் படிக்கப் போகிறேன் என்றார் கிராணி.

"நல்லாப் போய்ச் சேந்துச்சுன்னு நான் சொன்னா நீ இனிமே நம்ப மாட்டே. ரிசீவரை ஜன்னல்ல வைக்கிறேன், நீயே கேட்டுக்க."

வைத்துவிட்டுப் போனார். தூரத்தில் அவர் குரல். ஒரு பேர் கூப்பிட்டார். "இருக்கேன்" என்று ஒரு பெண் குரல் கொடுத்தது. அடுத்த பேர். இருக்கேன். அடுத்த பேர். பெரட்டு எடுப்பது போலவே எடுத்தார். நான் நோட்டைத் திறந்து ஒவ்வொரு குரலுக்கும் ஒரு சரி போட்டுக்கொண்டே வந்தேன். தனபாக்கியலெட்சுமியும் இருந்தாள், குரல் பேரை விடச் சின்னது. சாகுல் சார் வந்து பின்னால் நின்றார், அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. முடிந்ததும் களத்தில் ஒரு சலசலப்பு. நாலு பெண்கள் தங்கள் பேர் வரவில்லை என்றார்கள். நாலு பேரும் என்னைப் போலப் புருஷன் போனவர்கள், வீடு இன்னும் புருஷன் பேரிலேயே இருந்ததால் விட்டுப்போயிருந்தது. கிராணி அந்த நாலு பேரையும் அடித்து அனுப்பினார். சின்னப் பொட்டலம்தான், ஒரே போக்கில் போனது. மூன்றரைக்கு விமலா வந்து சேர்ந்துவிட்டது என்றாள்.

கடிதத்தை அவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வாரம் ஜாகாவுக்கும் சொல்லிவிட்டார்கள், பெரிதாக இருக்கிறது என்ற மறுப்பை அதன் பிறகு உள்ளே விட்டது. ரத்தினம் கிராணி இரண்டு வருஷம் கழித்து மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோட்டின் பழைய பக்கங்களை சாரிடம் காட்டி, அடிச்சிரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அப்போது பார்த்ததைப் பக்கத்தில் எழுதுங்கள் என்றார். உட்கார்ந்து எழுத்துக் கூட்டி எழுதினேன்: சின்னது போனது, பெரியதை அனுப்பிப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு ஹலோ அனுப்பினேன், சின்னது ஒன்று, வெட்டாதே என்ற குறியோடு பெரியது ஒன்று. நான் ஓய்வு பெறும்வரை அப்படித்தான்.

அந்த நோட்டைக் கஸ்தூரியிடம் காட்டினேன். பக்கம் முழுக்க வெறும் சரியாக இருக்கிறதே, இது எந்தத் தோட்டத்துக்கு என்று கேட்டாள். எண்ணிப் பார்க்கச் சொன்னேன். எண்ணினாள். நூற்று எண்பத்தேழு இருந்தது. அதற்குக் கீழே தனியாக நாலு.